யேசுரட்ணம் தன் தொண்டையைப் பார்த்தது

கனடாவின் ஸ்காபரோவில் பழைய மாணவர்களின் உதைபந்தாட்டம் எங்கே நடந்தாலும் வர்ணனை சொல்லும் மைக், யேசுரட்ணத்தின் கையில்தான் இருக்கும். பந்து ஓடும் வேகத்துக்கு அவர் வாயும் ஓடும். அப்படிப்பட்டவருக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தபோது, வெட்டுக்கு அவர் பயப்படவில்லை. மயக்கிவிட்டு, மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் விடுவார்கள் என்றதற்குத்தான் பயந்தார்.

அதிலும் ஒரு சிக்கல். முன்னொரு கார் விபத்தில் தாடை உடைந்து பொருந்தியதிலிருந்து அவர் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். கதைக்க அது தாராளமாகப் போதும். குழாய் விடப் போதாது.

மயக்க மருந்து டொக்டர் சுபாங்கி அவர் வாயைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரம் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"அங்கிள், வழமையா ஆளை நித்திரையாக்கிப்போட்டு, நாக்கை ஒரு தகட்டாலை தூக்கிக் குழாயை விடுவம். உங்களுக்கு அது சரிவராது. நீங்கள் முழிச்சிருக்கேக்கையே மூக்காலை விடப்போறன்."

"முழிச்சிருக்கேக்கையோ?"

"ஓம். அப்பதான் நீங்களே மூச்சு எடுப்பியள். தொண்டையை விறைக்கப் பண்ணிப்போட்டுத்தான் செய்வன்."

"என்ர குரல், பிள்ளை?"

"கொஞ்ச நாள் கரகரக்கும், அவ்வளவுதான். குழாய் குரல் நாண் ரெண்டுக்கும் நடுவாலை போகேக்கை சத்தம் நிண்டுபோகும். பயப்பிடாதேங்கோ. சத்தம் நிண்டால் சரியான வழியிலை போயிருக்கு எண்டு அர்த்தம்."

சத்திரசிகிச்சைத் தியேட்டரில் அவரைச் சாய்வாக இருத்தினார்கள். சுபாங்கி மூக்கிலும் தொண்டையிலும் ஒரு கைப்பு மருந்தை விசிறினாள். சற்று நேரத்தில் தொண்டை வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் கையில் வளையக்கூடிய மெல்லிய கறுப்பு வயர் ஒன்று, நுனியில் கமரா. குழாயை அதில் கோத்து வைத்திருந்தாள்.

"பாக்க விருப்பமோ, அங்கிள்?" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

ஈரமும் சிவப்புமாக ஒரு வழி. ஒரு வளைவு. அதற்கப்பால் வெள்ளையாக இரண்டு பட்டிகள், மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருந்தன.

"ஈ எண்டு சொல்லுங்கோ."

சொன்னார். பட்டிகள் இரண்டும் சட்டென்று சேர்ந்து நடுங்கின. இவ்வளவு காலமும் மைதானம் முழுக்கக் கத்தினது இந்தச் சின்னஞ்சிறு சாமான்களோ? அவருக்கு நம்ப முடியவில்லை. கேளாமலே இன்னொருமுறை 'ஈ' என்றார்.

"ஒருக்காச் சொன்னது காணும் அங்கிள்," சுபாங்கி சிரித்தாள். "இப்ப ஆழமா மூச்சு எடுங்கோ."

பட்டிகள் விலகின. கமரா உள்ளே போக, பின்னாலேயே குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு இருமல்.

"உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் சுபாங்கியின் தோள்கள் தளர்ந்ததை அவர் கவனித்தார். இவளுக்கும் பதற்றம் இருந்திருக்கிறது. தைரியம் சொல்வதுபோலப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்குப் பிறகு நித்திரை.

விழித்தபோது குழாய் இல்லை, கல்லும் இல்லை. மனைவி செலீன் பக்கத்தில் நின்று சுபாங்கியுடன் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கிழமைக்கு வாய் திறக்கக்கூடாது எண்டு சொல்லிவிடுங்கோ, டொக்டர்."

"அப்பிடிப் பொய் சொல்லேலாது, அன்ரி. இண்டைக்கே கதைக்கலாம், மெதுவா."

டோர்செட் பார்க் பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடிக் கட்டடத்து லிப்டில் அன்று பின்னேரம் கீழ்வீட்டு எட்வேட் அகப்பட்டார். யேசுரட்ணம் கரகரத்த குரலில், இரண்டு கையையும் சேர்த்தும் விரித்தும், தன் தொண்டைக்குள் கண்டதைச் சொல்லத் தொடங்கினார். எட்வேட் தன் மாடி வந்து போனதையே கவனிக்கவில்லை.