பொள்ளிப்போச்சு

...கை பொள்ளிப்போச்சு என்றுதானே பெரியவர் சொன்னார், பொள்ள வைத்தார்கள் என்று சொல்லவில்லையே, இதை அவள் எப்படி மொழிபெயர்ப்பது, மருத்துவர் பேனாவோடு காத்திருக்கிறார், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால் வாயில் வந்ததை அப்படியே சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, ஆனால் மருத்துவருடைய மொழியில் இதைச் சொல்ல எழுவாயாக யாராவது ஒருவர் வேண்டுமே, ஊற்றியவரோ, தொட்டவரோ... பெரியவரின் இரண்டு கைகளும் வெள்ளைத்துணியின் மேல் கிடக்கின்றன, விரலெல்லாம் நீர் கோத்த கொப்புளம், மணிக்கட்டோடு நின்றுவிட்டது, இரண்டு கையிலும் ஒரே மட்டத்தில், கோடு கிழித்த மாதிரி. கைதவறிக் கொட்டிய வெந்நீர் இப்படியா நிற்கும்? மார்பில், காலில் ஒரு துளிகூடவா தெறித்திருக்காது? "அப்பாவுக்கு வெந்நீர்னா உசுரு அக்கா, கொதிக்கக் கொதிக்கத்தான் கை கழுவுவாரு" என்று கால்மாட்டில் நின்ற மகன் சிரிக்கிறான், பெரியவரும் சிரிக்கப் பார்க்கிறார், உதடுதான் கோணுகிறது.

பொள் என்றால் உள்ளே வெற்றிடம், பொள்ளல் என்றால் ஓட்டை, கல்லூரியில் தமிழாசிரியை கரும்பலகையில் கிளை கிளையாக எழுதியது இப்போதா நினைவுக்கு வர வேண்டும்... பொய்யும் அந்த வேரில் முளைத்ததுதான், மேலே தோல், உள்ளே ஒன்றுமில்லை என்றாரே, வகுப்பே சிரித்ததே. மகனுக்கு இரண்டு மொழியும் தெரியும், ஒரு சொல் கூட்டினால் பிடித்துக்கொள்வான், வேலை முடிந்து அவள் தனியாக நிற்க வேண்டிய பேருந்து நிறுத்தம் வேறு வெளியே ஆளரவமில்லாமல் கிடக்கும்... அவன் சட்டைப்பையில் கைப்பேசி அலறியது, எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் சட்டென்று குனிந்தாள், கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டாள். "ஐயா, தானா பொள்ளிச்சா, யாராவது பண்ணினாங்களா?"

பெரியவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கேக்காதம்மா... அவன் இல்லாட்டி என்னை யாரு குளிப்பாட்டுவா?"

என்ன சொல்கிறார் என்றார் மருத்துவர். அப்படியே சொன்னால் போதும், கூட்ட வேண்டாம் குறைக்க வேண்டாம், எல்லாம் அதிலேயே இருக்கிறது... நடையில் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது, சொல்லத்தான் போகிறாள், இதோ, வாக்கியத்தைத்தான் கோத்துக்கொண்டிருக்கிறாள், பிறகுதான் தெரிந்தது, அந்த அந்நிய மொழி முழுக்கத் துழாவி அவள் தேடிக்கொண்டிருந்தது, யாரும் எதுவும் செய்யாமல் எல்லாம் தானாகவே நடந்துவிடுகிற ஒரு சொல்லை.