மெற்றில்டா சேச்சியின் செல்கள்

அறுவைக்கு முந்தின நாள் மெற்றில்டா சேச்சியிடம் கையெழுத்து வாங்க வார்டுக்குப் போனேன். விழிஞ்ஞத்தில் மீன் விற்பவர். கன்னத்தின் உட்புறம் புற்று. வெட்டியெடுக்கும் கட்டியில் நகக்கண் அளவு எங்கள் ஆய்வகத்துக்குத் தர அவர் சம்மதிக்க வேண்டும்.

"நீ டாக்டரா?"

"இல்ல சேச்சி. பேரு ஷிம்னா. லேப்ல ஆராய்ச்சி உதவியாளர். உங்க கட்டியில கொஞ்சம் எடுத்து, அந்த செல்ல உயிரோட வளப்போம்."

அவர் பக்கத்துக் கட்டில் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா ரீத்தா? ஊரெல்லாம் இதக் கொல்லக் கிடந்து பாடுபடுது. இவ வளக்கப் போறாளாம்!"

வார்டே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. வளர்த்தால்தான் எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க முடியும் என்றேன். கையெழுத்துப் போட்டார், ஆனால் தாளை விடவில்லை.

"வளந்தா எனக்குக் காட்டணும். இல்லேன்னா இப்பவே கிழிச்சிருவேன்."

"வளந்தா காட்டுறேன் சேச்சி."

வளரும் என்று நான் நம்பவில்லை. வாயிலிருந்து எடுக்கும் சதையோடு பூஞ்சையும் கூடவே வந்துவிடும். அதுவரை நான் வைத்தவற்றில் பாதி அப்படிப் போயிற்று; மீதி எங்கும் ஒட்டாமல் செத்து மிதந்தது. சேச்சியின் துண்டு பனிக்கட்டிப் பெட்டியில் வந்தது. பொடிப்பொடியாக நறுக்கி, இளஞ்சிவப்பு ஊட்டநீர் ஊற்றிய குப்பியில் இட்டு, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்தேன். காலையில் வந்ததும் டீ கூடக் குடிக்காமல் போய்ப் பார்ப்பேன். வெறும் குப்பைதான் மிதந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை குப்பியின் அடியில் சின்னத் திட்டாக எதுவோ ஒட்டியிருந்தது. எங்கள் தலைவர் உண்ணித்தான் சாரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"உயிர் இருக்குடீ. இன்னிக்கு அது மேல மூச்சுக்கூட விட்டுராத," என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. நான் கொண்டாடுவது ஒருத்தியின் கன்னத்தை அரித்த நோயை அல்லவா?

கதிர்வீச்செல்லாம் முடிந்து பரிசோதனைக்கு வந்த நாளில் சேச்சி நேராக எங்கள் ஆய்வக வாசலில் வந்து நின்றார். பாதியாக மெலிந்திருந்தார். ஒரு கன்னம் உள்வாங்கி, பேச்சு குழறியது. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவங்க சாமான அவங்க பாக்கறதத் தடுக்க நான் யாரு? குப்பிய முன்னறைக்குக் கொண்டு வந்து காட்டு," என்றார்.

முன்னறை நுண்ணோக்கியில் குப்பியை வைத்து அவர் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தேன். சேச்சி குனிந்தார். நிமிரவே இல்லை.

"மீன் செதிலு மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கு," என்றார் கடைசியில். "இதுவாக்கும் என்னத் தின்னது?"

"ஆமா சேச்சி."

"இதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது."

"எனக்கு வலிச்சுது, மோளே."

அவர் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. பிறகு அவர் கேட்டார்: "இதுல கண்டுபிடிச்சா எனக்கு உதவுமா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. "உங்களுக்கு இல்ல சேச்சி. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். அதுக்கே ரொம்ப வருஷமாகும்."

குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் கன்னத்தை லேசாகக் கிள்ளினார். "சரி. நல்லா வளத்து, நல்லா கொல்லு."

கொன்றேன். பல மருந்துகளுக்கு அசையாமல் இருந்த செல்கள் ஒரு மருந்துக்கு மட்டும் சுருங்கி, குப்பியின் அடியிலிருந்து கழன்றன. திரும்பத் திரும்பச் செய்தும் அதே பதில். அடுத்த பரிசோதனைக்கு சேச்சி வந்தபோது வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"செத்துச்சா?"

"செத்துச்சு சேச்சி. குப்பியில மட்டுந்தான். இன்னும் எவ்வளவோ பாக்கணும்."

"எனக்கும் இப்ப கட்டி ஒண்ணும் காணலேன்னு டாக்டர் சொல்லியாச்சு," என்று கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினார். வாழையிலையில் பொரித்த அயிலை மீன். ஆய்வகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் சாரும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். சேச்சியால் காரம் தொட முடியாது. எதிரே நின்று எங்கள் வாயையே பார்த்தார்.

"கதிர் வச்சதுல நாக்குல ருசியே நிக்கல. கைக்கணக்குல போட்டேன். உப்பு எப்படி, உள்ளதச் சொல்லு."

சரியாக இருக்கிறது என்று சார் அவசரமாகத் தலையாட்டினார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கூடிப்போச்சு சேச்சி."

"பாத்தியா!" தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "வார்டுல கூட இருந்த ரீத்தா குறைச்சல்னு சொன்னாளே! சரி, அடுத்த தடவ குறைக்கேன்."

மிச்சமிருந்த துண்டையும் என் இலையில் தள்ளி வைத்தார்.