ஒரு சுற்று ஒயர்

பாஸ்கருக்கு நாற்பத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் எலக்ட்ரீஷியன். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் பார்த்துப் பார்த்து, எப்போது தூங்குவது என்பதே உடம்புக்கு மறந்துவிட்டது. அதற்கு முன் மீஞ்சூரில் டிவி மெக்கானிக். தட்டை டிவி வந்து அந்தப் பிழைப்பு போனது.

தச்சூர் கூட்டு ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கும் அருணாச்சலம், காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின் எட்டை ஏலத்தில் எடுத்திருந்தார். ஒன்றிலும் படம் சரியில்லை. முதலில் ஒன்றைப் பாஸ்கரிடம் கொடுத்தார். இது நன்றாக வந்தால் மீதி ஏழின் ரிப்பேரும் உனக்குத்தான், அப்புறம் ஓட்டலிலேயே அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகல் வேலையும் உண்டு என்றார். ஷிப்ட்டை விட்டுத் தொலைக்க பாஸ்கருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

டிவி எத்தனையோ பிரித்திருக்கிறார். கேம் மெஷின் மானிட்டரைத் தொடுவது இதுதான் முதல் தடவை. மூன்று வாரம், வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்கார்ந்தார். படம் சேற்றுத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல மங்கலாக வந்தது. பிக்சர் டியூப் வீக் என்று மூளைக்கு முன்னால் கையே முடிவு செய்துவிட்டது. டிவி காலத்து மெக்கானிக்குகள் செய்வதையே செய்தார். ஹை வோல்டேஜ் காயில்மேல் ஒரு சுற்று ஒயர் கூடுதலாகச் சுற்றி, டியூபுக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கொடுத்தார். டியூப் இன்னும் கொஞ்சம் சூடாகும், படம் தெளியும்.

தெளிந்தது. ஆனால் ஓரங்கள் சுருங்கியே நின்றன. அடுத்த வாரம் போர்டிலிருந்த கண்டன்சர்களைச் சோதித்தால் பாதிக்குமேல் காய்ந்து கிடந்தன. இருபத்தாறையும் மாற்றினார். படம் விளிம்புவரை விரிந்து ஜொலித்தது. டியூபில் கோளாறே இல்லை. அப்படியென்றால் அந்தக் கூடுதல் சுற்றை உடனே அவிழ்த்திருக்க வேண்டும்; விட்டுவைத்தால் அதிகச் சூட்டில் ஹீட்டர் எரிந்துபோகும். அன்றைக்கு அவர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவிழ்க்க மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அருணாச்சலம் வீட்டுக்கு வந்து நின்றபடியே இரண்டு ஆட்டம் ஆடினார். முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்கரின் மனைவி துர்காதேவி டீ கொண்டு வந்து வைத்தாள். மூன்றாவது ஆட்டத்தில் படம் ஒரேயடியாக வெளுத்து, மெல்ல இருண்டது.

பாஸ்கர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். டியூபின் கழுத்தில் எரியும் ஆரஞ்சு வெளிச்சம் இல்லை. காயிலில் அந்தச் சுற்று ஒயர் அப்படியே இருந்தது.

"பழைய சாமான்பா. அதுக்கு ஆயுசு அவ்ளோதான், நீ இன்னா பண்ணுவே?" என்றார் அருணாச்சலம். "மீதி ஏழயும் நாளைக்கு வண்டில ஏத்தி உடறேன்."

துர்காதேவி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. ஆயுசு முடியல. நான்தான் எரிச்சிட்டேன்" என்றார் பாஸ்கர். ஒயரைக் காட்டி, எதற்குச் சுற்றினார், ஏன் எடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார்.

அருணாச்சலம் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். இந்த டியூப் வேறெங்காவது கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். தெரிந்த இடத்தில் எங்கும் இல்லை என்றார் பாஸ்கர். மீதியை மெட்ராஸில் யாரிடமாவது காட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பழைய சாமான்னு அவரே சொல்லிட்டாரு. வாய மூடிக்கினு இருந்தா இன்னா?" என்றாள் துர்காதேவி.

"இருக்கலாம்னுதான் பாத்தேன்." பாஸ்கர் பிளக்கைப் பிடுங்கினார். "தெனம் அவர் மூஞ்சில முழிச்சிக்கினு அத்த மறைக்கணும். அதுவும் ஒரு வேலதான் துர்கா. இருக்கற வேலயே முடில."

இரண்டு மணி ஷிப்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அவர் தூங்கப் பாயை விரித்துப் போட்டாள்.