ஒரு கை தண்ணீர்

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஹோட்டலில் மற்றவர்களுக்கெல்லாம் ஓய்வு. எனக்கு மட்டும் உயிர் போகும் மாதம் அதுதான். தை பிறந்து முதல் முகூர்த்தம் வருவதற்குள் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் ஹோட்டல் லான் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். பாத்திகளில் செண்டுமல்லி பூத்திருக்க வேண்டும், ஓரச் செங்கல்லுக்குக் காவி அடித்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதைச் செய்து வந்தேன். தோட்டக்காரன் பாலுசாமியின் லானில் ஒரு கோரை முளைத்தது என்று என்னை எவனும் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறில், இந்த சீசனோடு போதும் என்று முடிவு செய்திருந்தேன். சித்திரையில் வேலையை விட்டுவிட்டு, நானும் என் மனைவி பழனாத்தாளும் சோமனூர் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே போய்விடுவது. அண்ணன் அப்புசாமியும் நானும் பாகம் பிரிக்காத மூன்று ஏக்கர், நடுவில் ஒரு கிணறு. பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு அதைவிட்டால் வேறென்ன இருக்கிறது? பழனாத்தாள் அவரை விதையையும் பீர்க்கன் விதையையும் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

ஊரில் பொங்கல் என்றால் எனக்கு இங்கே சீசன். ஐந்து வருஷமாகத் தோட்டத்தில் நான் கால் வைக்கவில்லை. அண்ணன்தான் வந்து பார்த்துவிட்டுப் போவார். வரும்போது சாக்கில் தேங்காய் கொண்டு வருவார். இரண்டு வருஷமாக அதுவும் நின்றுவிட்டது. அண்ணிக்குக் கை இறுகிவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் ஹோட்டல் போர்வெல் வற்றிப்போனது. குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்ச முடியாது. டேங்கரில் வாங்கினோம். டேங்கர் தண்ணீரில் ஒரு கை வாங்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் குழாயைத் திறக்க விடுவதில்லை. உப்பென்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்று லோடு திருப்பியதும் மேனேஜர் கிருபாசங்கர் பொறுமை இழந்துவிட்டார்.

"நல்ல தண்ணி எங்கதானுங்க இருக்குது?"

"எங்க கெணத்துல இருக்குதுங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும், "புல்லுக்குத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "செரி கண்ணு, அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் டேங்கர் ஊருக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் சிக்கந்தர் வழக்கம்போல மக்கில் பிடித்து நீட்டினான். "பாக்கலீங்களா அண்ணா?"

"நம்ம கெணத்துத் தண்ணிய நாமளே சந்தேகப்படறதா? தொறந்துடப்பா."

பத்தே நாள். புல்லின் நுனி முதலில் வெளிறியது, பிறகு லான் முழுக்கக் காய்ந்த வைக்கோல் நிறம். செண்டுமல்லி மொட்டோடு கருகியது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிக்கந்தரின் சட்டையைப் பிடித்தேன். டேங்கைக் கழுவாமல் கண்டதையும் ஏற்றி வந்தாய் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"ஒரு கை குடிச்சுப் பாத்திருக்கலாமுங்க அண்ணா" என்றான்.

எங்கள் கிணற்றின் மேலா பழி போடுகிறான், அது பொய் என்று நிரூபித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன். பழனாத்தாள் ஒரு கேனைக் கழுவிக் கொடுத்தாள். "வாரப்ப நம்ம கெணத்துத் தண்ணி கொண்டாங்க. பொங்கப் பானைக்கு இந்த வருசம் அதையே ஊத்தலாம்." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தோட்டத்து வீட்டில் அண்ணி குழந்தையம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாயில் வைத்ததுமே தெரிந்தது.

"இது நம்ம கெணத்துத் தண்ணி இல்லீங்களே?"

"ரோட்டுக் கொழாயில புடிச்சதுங்க தம்பி" என்று தலையைக் குனிந்துகொண்டார். சுவரோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன.

நான் கிணற்றுக்கு ஓடினேன். வழியில் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன, ஒன்றிலும் குலை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் எவனோ சாயப்பட்டறை போட்டிருந்தான், அதன் கழிவு எங்கள் வேலியோரம் தேங்கி நின்றது. கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. படியிறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கசப்பும் உப்பும் நாக்கைப் பிடுங்கின. துப்பிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மேல்படியில் வந்து நின்றார்.

"மூணு வருசமாச்சு கண்ணு. ஆடு மாடுகூட வாய் வெக்கறதில்ல."

"ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லல?"

"வாரப்பெல்லாம் சித்திரையில வந்துருவேன், வந்துருவேன்னு சொல்லுவ. எப்பிடிச் சொல்றது?"

"தண்ணிய எதுக்குங்க அனுப்புனீங்க?"

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. மொத மொதல்ல கேக்கறப்ப, இல்லேன்னு சொல்ல வாய் வரலை. புல்லுக்குத்தானே, தாங்கிப்போடும்னு நெனச்சுப்போட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. நாக்கில் கசப்பு இருந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். அறுபதை நெருங்கிய இரண்டு கிழவர்கள் கிணற்றுப் படியில் உட்கார்ந்து அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

காலிக் கேனோடு கோயமுத்தூர் வந்து இறங்கினேன். லானைப் பச்சைக் கார்ப்பெட் போட்டு மூடுவதாக கிருபாசங்கர் சொல்லியிருந்தார். சிக்கந்தரிடம் மன்னிப்புக் கேட்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. பழனாத்தாளுக்கு என்ன சொல்வது? ஹோட்டல் வாசல் குழாயில் கேனை நிரப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் ஓடிவந்து வாங்கினாள். டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். பதினெட்டு வருஷமாக அவள் தினமும் குடிக்கும் அதே சிறுவாணித் தண்ணீர். அவளை ஏமாற்றலாம் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

டம்ளரைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, கெணறு போச்சுங்களா?"

"போச்சு" என்றேன்.

அரிசிப் பானைக்குள் கைவிட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.