சோற்றுப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் ஜாவா கரையிலிருந்து ஒருத்தி, கடன் கொடுக்கிற நாட்டு அரசாங்கத்திடமே போய்க் கொடுக்காதே என்று சொன்ன கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் வருவதில்லை.

என் பக்கத்து வீட்டுத் தார்மினி, சென்னாக்கூனி என்கிற பொடி இறாலை இடித்துக் காயவைத்து, குழம்புக்குப் போடுகிற தெராசிக் கட்டி செய்து விற்பவள். நிலக்கரி மின்நிலையத்தின் முதல் புகைபோக்கி வந்ததுமே கரையோரக் கூனி பாதியாகிவிட்டது. வெயிலில் பரப்பிய விழுதின் மேல் கரித்தூள். இரண்டாவதும் எழுந்தால், பெண்கள் இடுப்பளவு நீரில் வலை தள்ளுகிற கடைசித் துண்டுக் கரையும் வேலிக்குள் போய்விடும். அந்த இரண்டாவது புகைபோக்கிக்குத்தான் கடன் தரவிருந்தது அந்த நாடு. தராதீர்கள் என்று சொல்லத்தான் போனாள்.

பெரிய மேசையாம். பேச்சை மொழிமாற்றிச் சொல்ல, அங்கே படிக்கிற எங்கள் பக்கத்துப் பெண் ரஹாயு.

"உங்க ஊர்ல இனிமே கரி எரிக்க மாட்டோம்னு சொல்லிட்டீங்களாம். எங்க ஊர்ல எரிக்க மட்டும் ஏங்க காசு தர்றீங்க?" என்று கேட்டாள் தார்மினி.

அதிகாரி தலை குனிந்து மரியாதையாகக் கேட்டார். பிறகு கையெழுத்துகள் இருந்த ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்றாவது கையெழுத்து தார்மினியுடையது. நான்காவது என்னுடையது.

"ஊர்க்காரங்க சம்மதம்னு மேலே போட்டிருக்கு, பீபி" என்றாள் ரஹாயு. பீபி என்றால் எங்கள் பேச்சில் சித்தி.

"எது? அது மின்நிலையக்காரங்க கூட்டத்துல சோத்துப் பொட்டலம் வாங்கப் போட்டதுடி. கோழி, ஒரு அவிச்ச முட்டை, மிளகாத் துவையல். போட்டாத்தான் பொட்டலம்னாங்க."

"கூட்டத்துல யாருமே எதிர்த்துப் பேசலியான்னு கேக்குறார்."

"சோறு போட்டவங்க மூஞ்சிக்கு நேரா, கை காயறதுக்குள்ள வேண்டாம்னு எப்படிச் சொல்றது? இதெல்லாம் அவருக்கு அவங்கம்மா சொல்லிக் குடுக்கலியா?"

கடைசி வரியை ரஹாயு விழுங்கிவிட்டாள்.

அப்போது தேநீரும் இனிப்பும் வந்தன. தார்மினி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "இதக் குடிச்சா எனக்கு வாய் வராது. வெறும் வயித்தோட சொல்றேன், எழுதிக்கச் சொல்லு. வேண்டாம்."

வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. நடுவில் நிற்கவைத்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியவளை என் நாத்தனார் விடவில்லை. "வெளிநாட்டுச் சோறு எப்படிடி? முட்டை ஒண்ணா, ரெண்டா?"

"பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. இந்தத் தடவை ஏமாறல."

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. பாதிக்கப்படும் மக்களிடம் இரண்டாம் முறையும் கலந்து பேசியாயிற்று என்று எழுதி, கீழே அந்தப் படம். கடனின் முதல் தவணை வந்து சேர்ந்தது. கரையில் வேலியும்.

மிச்சத் தவணைகளையாவது கொடுக்காதீர்கள் என்று தார்மினி மாதம் ஒரு கடிதம் சொல்வாள், நான் எழுதுவேன். கையெழுத்து மட்டும் போடமாட்டாள். கையெழுத்தில்லாத கடிதத்தை ஏற்பதற்கில்லை என்று மிகப் பணிவாக ஒரு பதில் வந்தது. படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் அழுத்திப் போட்டாள். அதற்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நிறைந்து நலமாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசலுக்குச் சோறு கொண்டுவருகிறவர்கள் சோறு மட்டுமே கொண்டுவரட்டும்.