ஞாயிற்றுக்கிழமை வண்டி

எங்கள் கம்பெனி வண்டியால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. நெல் மூட்டை ஏற்ற முடியாது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட முடியாது, தார் ரோட்டில் ஓட்டவே அனுமதி இல்லை. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, நாலு பெரிய டயர், பின்னால் ஒரு என்ஜின். மேட்டிலும் மணலிலும் சேற்றிலும் ஏறி இறங்கி ஆட்டம் போடுவதற்கென்றே செய்த வண்டி.

மானகிரியில் நானும் என் வீட்டுக்காரர் பாண்டிமுருகனும் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய கார் என்ஜின் ஒன்றை வைத்து முதல் வண்டியைச் செய்தோம். என் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உழுகவும் ஆகாது, ஊருக்குப் போகவும் ஆகாது. இத எதுக்குச் செஞ்சீக?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவரையே உட்கார வைத்துப் பொட்டலில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். இறங்கியவர் கேள்வியை மறந்துவிட்டார்.

அந்த வண்டியை வாங்கியவர் கொத்தமங்கலத்துக் கார்த்திகேய சிவம். பெரிய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறவர். வண்டிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு ஜீப்பைக் காட்டுக்குள் விட்டு, தலையெல்லாம் சேறாகத் திரும்பி வருவார். அவர் ஓட்டலுக்கு வந்தவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்து ஊட்டிக்குக் கேட்டார்கள், கேரளத்துக்குக் கேட்டார்கள். இப்போது வாடகைக் கொட்டகை நிறைய ஆட்கள். முடிந்த வண்டியை நிறுத்த இடமில்லாமல் வெளியில் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் முடிந்த வண்டிகளை ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குக் கொண்டுபோவோம். செய்தவர்கள் வீட்டு ஆட்களோடு வந்து ஓட்டுவார்கள். மறுநாள் கழுவித் துடைத்து அனுப்பிவிடுவோம். வாங்குகிறவர்களிடம் இதை மறைப்பதில்லை. ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

பெயிண்ட் அடிக்கும் ராக்காயி அக்கா ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவர். முதல் தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்கக்கூடாத வார்த்தையில் திட்டினார். இப்போது சேலையை இழுத்துச் செருகி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இறங்கமாட்டார். அவர் மேடேறும்போது சிரிக்கிற சிரிப்பு கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

போன மாதம் கார்த்திகேய சிவம் வந்தார். இடமும் தருகிறேன், முதலும் போடுகிறேன், பெரிய பட்டறையாகக் கட்டுவோம், கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் சரி மாரீஸ்வரி. அந்த ஞாயித்துக்கிழமைக் கூத்த மட்டும் நிப்பாட்டிருங்க. உறை பிரிக்காத வண்டிதான் வெளிய போகணும்."

"சொல்லித்தானய்யா விக்கிறோம்."

"பெருசா வளரணும்னா அதெல்லாம் சரிப்படாது." கொஞ்சம் யோசித்து, அவரே ஒரு வழியும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. "ஒண்ணு செய்வோம். டெஸ்டிங்னு பேர் வச்சுக்கங்க. ரெண்டே ஆள், கொஞ்ச நேரம். நானும் ஒத்துக்கிறேன்."

பாண்டிமுருகன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். தலையை ஆட்டு என்று அர்த்தம். ஆட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"டெஸ்டிங் சனிக்கெழமையே முடிஞ்சிருதுய்யா. ஞாயித்துக்கெழம சும்மா வெளையாட்டுக்குத்தான்."

"அதத்தான் நானும் கேக்குறேன். அவுகளுக்கு எதுக்கு வெளையாட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. "நாம விக்கிறதே வெளையாட்டுத்தானய்யா. காசு குடுத்தவுக ஆடலாம், செஞ்சவுக ஆடக்கூடாதா?"

"அப்பப் பட்டறை வேணாமா?"

"வேணும். ஞாயித்துக்கெழமையும் வேணும்."

பாதிக் காபியோடு எழுந்துவிட்டார். ரெண்டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள் என்று கிளம்பினார். கார் மறைந்ததும் பாண்டிமுருகன் தலையில் அடித்துக்கொண்டார். "கும்புடப் போன தெய்வம் குறுக்க வந்துச்சு. வெரட்டி விட்டுட்டியே."

கோபம் இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. பட்டறை என் ஒருத்திக்கா? வெயிலில் நின்று வெல்டிங் அடிக்கிறவர்களுக்கு நிழல் வேண்டாமா? பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டாமா? பக்கத்து வீட்டில் கெஞ்சித்தான் போய்வருகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மூத்த வெல்டர் முத்தரசு எழுந்தான். புதுப் பட்டறை வந்தால் அவன்தான் மேஸ்திரி என்று முன்பே பேசியிருந்தோம்.

"அக்கா, ஒங்க வீம்புக்கு எங்க பொழப்பா? எங்கள ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேக்கல. இப்பக் கேக்குறேன். பட்டறைதான் வேணும்னு சொல்லுங்க, இந்த நிமிசமே அவருகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்." போனை நீட்டினேன்.

ராக்காயி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "கூரை வேணுந்தான் மாரி. மழை பேஞ்சா அடிச்ச பெயிண்டெல்லாம் வீணாப் போகுது" என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு நான் யாருக்காகச் சண்டை போட்டேன்?

முத்தரசு போனை வாங்கினான்.

"அவரு ஞாயித்துக்கெழம என்னக்கா செய்யிறாரு?"

"ஜீப் ஓட்டப் போவாரு."

"டெஸ்டிங்கா?"

பாண்டிமுருகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முத்தரசு சிரிக்கவில்லை. நம்பரைப் போட்டுக் காதில் வைத்தான்.

"ஐயா, முத்தரசு பேசுறேன், வெல்டரு. பட்டறை எங்களுக்குக் கட்டாயம் வேணும்யா. ஞாயித்துக்கெழம வண்டிய நிப்பாட்டச் சொன்னீகளாம். நிப்பாட்டிருவோம். மொதல்ல நீங்க ஒங்க ஜீப்ப நிப்பாட்டுங்க. நிப்பாட்டிட்டு ஒரு வார்த்த சொல்லிவிடுங்க."

பிறகு போனை என்னிடம் கொடுத்தான். "ஒண்ணும் சொல்லல, வச்சுட்டாரு. தார்ப்பாய் இன்னும் ரெண்டு வாங்கிருங்கக்கா."

அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஜீப் கிளம்புகிற நேரத்துக்குத்தான் நாங்களும் கிளம்புகிறோம்.