நாற்காலி உயரத்தில்

ராமுனே கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மண்டியிட்டு, கையிலிருந்த கார்டை அங்குலம் அங்குலமாக மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிர் அதன்மேல் பட்டால், பட்ட இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு ஒளிரும். பொட்டு வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். வில்னியஸ் நகரத்தில், நாலாவது மாடிப் படுக்கையறையில், லேசர் எங்கிருந்து வரும்?

"இல்லப்பா. ஒண்ணுமே இல்ல."

"கார்டை முதல்ல வெளிச்சத்துல காட்டினியா?" கட்டிலிலிருந்து ஆல்பினாஸ் கேட்டார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் அதில் அதட்டல் குறையவில்லை. "பையில இருட்டுல கிடந்த கார்டு செத்த கார்டு. கதிர் பட்டாலும் காட்டாது. இருபது வருஷமா கதிரை நேர் பண்ணித்தானே சம்பளம் வாங்குற?"

மறந்துதான் போயிருந்தாள். சாகக் கிடக்கிற மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று அவளுக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பதினோரு நாளாக இந்தக் கதிர்க் கூத்துதான். ஆல்பினாஸ் முப்பத்தெட்டு வருஷம் லேசர் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் பாதுகாப்புக் கண்ணாடியை ஒரே ஒரு நிமிஷம் கழற்றினார். மேசைமேல் யாரோ மூட மறந்த பிரதிபலிப்புக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்த கதிர் இடது கண்ணைத் தின்றுவிட்டது. அதன்பின் அதைப் பற்றி வீட்டில் அவர் வாயே திறந்ததில்லை. இப்போது நுரையீரல் முழுக்கப் புற்று பரவி, நினைவு தப்பித் தப்பி வரும்போது, அந்தக் கதிர் படுக்கையறைக்கே வந்துவிட்டது. கட்டிலின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்தவர் கண் உயரத்தில் சரியாகப் போகிறதாம்.

தரையோடு தவழ்ந்து வந்தால் பரவாயில்லை. ராமுனே தவழ்ந்தாள். லேசர் என்றால் என்னவென்றே தெரியாத நர்ஸ்கூட, பாவம், தவழ்ந்து வந்துதான் ஊசி போட்டாள். ஆனால் அம்மா எமிலியாவால் முடியாது. அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் நாற்காலியை நெருங்கினாலே ஆல்பினாஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வராதே! கண்ணு போயிடும்! எமிலியா, வராதேடி!" என்று கத்துவார். கத்தினால் மூச்சு வாங்கும், உதடு நீலமாகும். அதனால் ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள், பதினோரு நாளாக வாசற்படிக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, புருஷனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வந்த நர்ஸ், "இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டுத்தான் ராமுனே தான் வேலை பார்க்கும் லேசர் பட்டறைக்கு ஓடி, கார்டையும் பார்வைக்குழாயையும் கேட்டு வாங்கி வந்தாள். அப்பா கண்ணை மூடுவதற்குள் அம்மா ஒரு தடவை அவர் கையைப் பிடிக்க வேண்டும். ராமுனேவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பார்வைக்குழாய் கைக்குள் அடங்கும் சின்னத் தொலைநோக்கி மாதிரி. கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், மனிதக் கண்ணுக்கு எட்டாத ஒளியெல்லாம் பச்சையாகத் தெரியும். டிவி ரிமோட்டிலிருந்து வருவதும் அந்த மாதிரி ஒளிதான். ராமுனே ஒரு திட்டத்தோடுதான் குழாயை எடுத்தாள். அம்மாவுக்குக் கண்ஜாடை காட்டினாள். எமிலியா சட்டைக்குள்ளிருந்து டிவி ரிமோட்டை எடுத்து, அறைப்பக்கம் நீட்டி அழுத்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்பா! இதோ இருக்கு. தடுப்பு வெச்சுடறேன்."

"குடு இங்க."

ஆல்பினாஸ் குழாயை வாங்கி, நல்ல கண்ணில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது துடிக்குது. நம்ம கதிர் துடிக்காது." குழாயை இறக்கினார். "எமிலியா, ரிமோட்டைக் கீழ வை. நியூஸ் பாக்கணும்னா ஹாலுக்குப் போ."

வாசலில் எமிலியா ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ராமுனே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"என்கிட்டயேவா ஏமாத்து வேலை?" ஆல்பினாஸ் விரலைத் தூக்கினார். "ஜன்னல்லேர்ந்து வருது. மெல்லிசுத் திரை அதைத் தடுக்காது. நேரா அலமாரி நிலைக்கண்ணாடில படுது. அங்கேர்ந்து திரும்பி நாற்காலிக்கு. கதிரைத் தேடி என்ன பிரயோஜனம்? கண்ணாடியை மூடு."

இத்தனை நாளில் முதல் தடவையாக வழி சொன்னார். ராமுனே துள்ளி எழுந்தாள்.

"மூடக்கூடாது!" எமிலியா வாசலிலிருந்து போட்ட சத்தத்தில் ராமுனே அப்படியே நின்றுவிட்டாள்.

மகளைச் சமையலறைக்கு அழைத்துப் போய், எமிலியா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நிலைக்கண்ணாடியை எப்ப மூடுவாங்க? மூச்சு போனப்புறம் மூடுவாங்க. மூச்சு இருக்கறப்பவே மூடினா என்ன அர்த்தம்? எங்கப்பாவுக்கு அப்படித்தான் அவசரக்குடுக்கை ஒருத்தி மத்தியானமே கண்ணாடில துணியைப் போட்டா. சாயங்காலம் ஆளு இல்ல. நானே என் கையால இவரை அனுப்பி வெக்கணுமா?"

"நான் மூடறேன்மா."

"யார் மூடினா என்ன?"

"சரி, கண்ணாடியைக் கழட்டிடறேன்."

"அலமாரிக் கதவோட பதிச்சது. கதவைத் திறந்து வெச்சா?"

ராமுனே போய்த் திறந்து பார்த்தாள். "ஐயோ, இப்ப வாசல் பக்கம் போகுதே, எமிலியா உக்கார்ற இடமாச்சே!" என்று உள்ளேயிருந்து அலறல் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நர்ஸ் என்ன சொன்னான்னு நீயும் கேட்டேல்லம்மா?"

காபி ஆறி ஆடை கட்டியது. கீழே தெருவில் பனியை வழித்துத் தள்ளும் வண்டி போனது. எமிலியா கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்து, ஹாலில் இழுப்பறையைத் திறந்து, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்குப் போனாள். கொண்டு போவது தன் கை இல்லை என்பதுபோல விறைப்பாக நடந்தாள்.

"வெள்ளையா?" ஆல்பினாஸ் முகத்தைச் சுளித்தார். "வெள்ளைல பட்டா கதிர் சிதறும். கறுப்பு எடு."

வீட்டில் கறுப்பு என்று ஒன்றுதான் இருந்தது. இழவு வீட்டுக்கென்றே வைத்திருந்த கம்பளிச் சால்வை. எமிலியா மகளைப் பார்த்தாள்.

"அதைப் போட்டு மூடிட்டா, அப்புறம் நான் எதைப் போத்திக்கறது?" என்றாள் மெதுவாக. சொல்லி முடித்ததும், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது புரிந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சால்வையை அவளே எடுத்து வந்தாள். சுவரோரமாக, ஆல்பினாஸ் கைகாட்டிய வழியில் சுற்றி வந்து, அலமாரியின் உச்சியில் அதன் ஒரு ஓரத்தைச் செருகித் தொங்கவிட்டாள். நிலைக்கண்ணாடியில் அவள் முகம் மறைந்தது, கழுத்து மறைந்தது, பிறகு எல்லாமே மறைந்தது.

"ராமுனே, பாரு."

இந்தத் தடவை ராமுனே ஏமாற்றவில்லை. விளக்கை அணைத்தாள், திரையை இழுத்து மூடினாள். குழாயைக் கண்ணில் வைத்து, ஜன்னலிலிருந்து அலமாரி வரை, அலமாரியிலிருந்து நாற்காலி வரை, வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் லேசர் மேசையைச் சோதிப்பதுபோலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எங்கும் பச்சை இருட்டுதான். இல்லாத ஒன்றைத் தேடித்தேடி இல்லை என்று உறுதி செய்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சுத்தமா இருக்குப்பா."

"நாற்காலி உயரத்துல?"

"அங்கயும் சுத்தம்."

ஆல்பினாஸின் தோள்கள் தலையணையில் இறங்கின. பதினோரு நாள் கழித்து இறங்கின. "எமிலியா," என்றார். "எதுக்கு அங்கயே நிக்கிற? வந்து உக்காரு."

எமிலியா வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் அவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணு நல்லா இருக்கா?"

"ரெண்டும் நல்லா இருக்கு. உங்க மூஞ்சி நல்லாவே தெரியுது, ஷேவிங் பண்ணி ஒரு வாரமாச்சு."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு தூங்கினார். மூச்சு விட்டு விட்டு வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. மத்தியானம் மூன்று மணி வாக்கில், ஒரு மூச்சுக்கு அப்புறம் அடுத்தது வரவில்லை. யாரும் கத்தவில்லை. எமிலியா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அப்பாடா," என்றாள். "பயமில்லாம போனாரு." ராமுனேவுக்கும் அதேதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவள் வெட்கப்படவில்லை.

மூன்றாவது மாடியிலிருந்து ப்ரோனே வந்தாள். இழவு விழுந்தால் அந்தக் கட்டிடத்தில் முதலில் வருபவள் அவள்தான். சாவு வீட்டு வழக்கப்படி ஜன்னலைத் திறந்தாள், கடிகாரத்தை நிறுத்தினாள், அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"நிலைக்கண்ணாடியை யாரு அதுக்குள்ள மூடினது?"

"நான்தான்," என்றாள் எமிலியா.

"உன் கறுப்புச் சால்வையாச்சே? கழட்டிக் குடு, வேற போர்வை போட்டுக்கலாம். ஆளுங்க வர நேரம், நீ பூப்போட்ட சட்டையோடவா உக்காருவ?"

"கிடக்கட்டும் ப்ரோனே. எடுக்காதே."

ப்ரோனே முணுமுணுத்துக்கொண்டே மெழுகுவத்தி தேடப் போனாள். எமிலியா நாற்காலியை இன்னும் ஒரு சாண் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.